பெரிய கூலன்ட் டேங்க் மாட்டினால் தொப்பூர் ஏற்றத்தில் சூடு குறையுமா?

ஊத்தங்கரை வாசகர் கேட்டது | ஏப்ரல் 9, மாலை 6.40

2012 மாடல் டீசல் கார். சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் சூடு முள் நடுவை விட்டு மேலே ஏறுது. ஏசி போட்டா இன்னும் மேலே. ஏறி முடிச்சு பாளையம் டோல்கேட் வந்துட்டா தானா இறங்கிடுது. கடையில கேட்டா, கம்பெனி கொடுத்த பிளாஸ்டிக் கூலன்ட் டப்பாவைக் கழட்டிட்டு இரண்டரை லிட்டர் அலுமினிய டேங்க் மாட்டச் சொல்றாங்க. கூலன்ட் அதிகமா இருந்தா சூடு குறையும்தானே? மாட்டினவங்க யாராவது சொல்லுங்க.

ஏப்ரல் 9, இரவு 9.15

குறையாது.

டேங்க்ல இருக்கிற கூலன்ட் சூட்டை வெளியே தள்ளாது. தள்ளுறது ரேடியேட்டரும் அதுக்குள்ள புகுந்து போற காத்தும். டேங்க் பெருசானா சூடாக வேண்டிய திரவம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும்னு கணக்குப் போட்டுப் பாருங்க. பாதி தண்ணி பாதி கூலன்ட் கலவையில ஒரு லிட்டரை ஒரு டிகிரி ஏத்த சுமார் மூன்றரை கிலோஜூல் போதும். பத்து டிகிரிக்கு 35. ஏத்தத்துல உங்க இன்ஜின் கூலன்ட்டுக்குக் கொடுக்கிற சூடு 30 கிலோவாட்னு வைங்க. அதுல 27-ஐ ரேடியேட்டர் தள்ளிடுது, 3 மட்டும் மிச்சம் சேருதுன்னாகூட அந்தக் கூடுதல் லிட்டர் பன்னிரண்டு வினாடியில தீர்ந்துடும். கணவாய் ஏற பன்னிரண்டு வினாடியா ஆகும்?

அதுவும் டேங்க்ல இருக்கிற கூலன்ட் மொத்தமும் சுத்துதுன்னு வெச்சுப் போட்ட கணக்கு. பல கார்ல அது சுத்தறதே இல்லை, ஓரமா உக்காந்திருக்கும்.

உங்க டப்பா எந்த வகைன்னு முதல்ல பாருங்க. ரேடியேட்டர் தலையிலேயே அழுத்த மூடி இருந்து, டப்பாவுல சும்மா ஒரு பிளாஸ்டிக் மூடி இருந்தா அது ஓவர்ஃப்ளோ பாட்டில். பழைய மாருதி 800-ல இருந்தது அந்த வகை. ரேடியேட்டர்ல மூடியே இல்லாம, டப்பா மேல திருகு மூடியும் 'சூட்டில் திறக்காதே' எச்சரிக்கையும் இருந்தா அது அழுத்தம் தாங்கும் எக்ஸ்பான்ஷன் டேங்க். ரெண்டும் வேற வேற சாமான். கடைக்காரர் எதுக்கு எதை மாட்டச் சொன்னார்னு நீங்க எழுதல.

ஏப்ரல் 10, காலை 7.30

நேத்து அவசரத்துல டேங்க் என்னதான் செய்யுதுன்னு சொல்லாம விட்டுட்டேன்.

கூலன்ட் சூடானா விரியும். தண்ணி மட்டும்னாலே அறை வெப்பத்துல இருந்து கொதிநிலை வரைக்கும் நூத்துக்கு நாலு பங்கு பெருகும், கிளைகால் (கெட்டி கூலன்ட்டோட மூலப்பொருள்) கலந்தா இன்னும் கொஞ்சம் கூடும். ஆறு லிட்டர் ஓடுற வண்டியில கால் லிட்டருக்கு மேல ஒதுங்க இடம் வேணும். அந்த இடம்தான் டப்பா. கம்பெனி கொடுத்த அளவே அதுக்குத் தாராளம்.

அடுத்தது அழுத்தம். மூடியோட மேல 0.9, 1.1, 1.4னு ஏதாவது ஒரு எண் அச்சடிச்சிருக்கும், பார் கணக்கு. குக்கர் வெயிட் மாதிரிதான். உள்ளே அழுத்தம் ஏற ஏறக் கொதிநிலை ஏறும். திறந்த பாத்திரத்துல 100 டிகிரியில கொதிக்கிற தண்ணி, ஒரு பார் கூடுதல் அழுத்தத்துல 120 வரைக்கும் கொதிக்காது. பாதிக்குப் பாதி கலவை திறந்த நிலையில 107, 108. மூடி ஒழுங்கா இருந்தா 130-ஐ நெருங்கும். மூடி ரப்பர் தேய்ஞ்சு அழுத்தம் நிக்கலேன்னா இந்தப் பாதுகாப்பு அத்தனையும் போச்சு. டேங்க் எத்தனை லிட்டரா இருந்தாலும் பொங்கும்.

இன்னொண்ணு. உயரம் கூடக் கூடக் கொதிநிலை இறங்கும். கிட்டத்தட்ட 300 மீட்டருக்கு ஒரு டிகிரி. ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரம், அங்க திறந்த பாத்திரத்துல தண்ணி 97-லேயே கொதிச்சிடும். மூடி சரியில்லாத வண்டி மலையில சீக்கிரம் பொங்குறதுக்கு ஏத்தம் மட்டும் காரணம் இல்லை.

ஏப்ரல் 10, காலை 7.50

யாரும் சூட்டில மூடியைத் திறக்காதீங்க. ஈரச் சாக்கு போட்டுத் திறக்கலாம்னு சொல்ற ஆள் இருப்பார். தொப்பூர் ரோட்டோரம் அப்படித் திறந்து முழங்கை வரைக்கும் தோல் உரிஞ்ச ஒருத்தரைப் பார்த்திருக்கேன். சாக்கு அவர் கையிலேயேதான் இருந்தது. அழுத்தம் விட்டதும் உள்ளே இருக்கிறது அத்தனையும் ஒரே நேரத்துல கொதிக்கும், சாக்கு என்ன பண்ணும்?

ஏப்ரல் 10, இரவு 10.05

ஊத்தங்கரைத் தம்பி போட்டோ அனுப்பியிருக்கார். ரேடியேட்டர் தலையில மூடி. ஆக, ஓவர்ஃப்ளோ பாட்டில் வகை. அதுக்கு இரண்டரை லிட்டர் அலுமினிய டேங்க் மாட்டினா, வண்டி ஓடும்போது வெளியே வர்ற கூலன்ட்டைப் பிடிச்சு வெச்சு, ஆறினதும் திருப்பிக் கொடுக்கிற பெரிய சொம்பு ஒண்ணு கிடைக்கும். சூட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

ஆனா போட்டோவுல வேற ஒண்ணு கண்ணுல பட்டுது. ரேடியேட்டர் கழுத்தைச் சுத்தி வெள்ளையா ஒரு வளையம், சுண்ணாம்பு பூசின மாதிரி. மூடி ரப்பர்ல நகம் இறங்குற அளவுக்குப் பள்ளம். கழுத்துல இருந்து டப்பாவுக்குப் போற சின்ன ஓஸ், முனையில வெடிச்சிருக்கு.

அந்தச் சின்ன ஓஸை லேசா நினைக்காதீங்க. இன்ஜின் ஆறும்போது ரேடியேட்டருக்குள்ள வெற்றிடம் உண்டாகும். மூடியோட நடுவுல இருக்கிற குட்டி வால்வு திறந்து டப்பாவுல இருந்து கூலன்ட்டை இழுக்கும். ஓஸ் வெடிச்சிருந்தா கூலன்ட்டுக்குப் பதில் காத்தை இழுக்கும். டப்பாவுல அளவு அப்படியே நிக்கும். நீங்களும் 'லெவல் கரெக்டா இருக்கு'ன்னு சந்தோஷமா மூடிட்டுப் போவீங்க. ரேடியேட்டர் மேல்பாதி காலி.

நாளைக்குக் காலையில இன்ஜின் சுத்தமா ஆறின பிறகு மூடியைத் திறந்து கழுத்து வரைக்கும் இருக்கான்னு பார்த்து எழுதுங்க.

ஏப்ரல் 11, காலை 8.20

ஒண்ணரை டம்ளர் குறைஞ்சிருந்ததாம். டப்பாவுல ஃபுல் கோட்டுல நிக்குதாம். நான் ஒண்ணும் ஜோசியம் சொல்லல, எங்க வீட்டு வண்டியும் இதே கதைதான் பண்ணிட்டிருந்தது.

ஏப்ரல் 12, மதியம் 2.30

அந்த வெள்ளை வளையம் பத்தி. 'தருமபுரி தண்ணியில ஃபுளோரைடு, அதான் ரேடியேட்டரை அரிக்குது'ன்னு அரூர்க்காரர் ஒருத்தர் எழுதியிருக்கார். ஃபுளோரைடு நம்ம பல்லையும் எலும்பையும் படுத்தினது உண்மை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனாலதான், 2013-ல தண்ணி விட்டாங்க. ஆனா ரேடியேட்டர்ல உப்பு படியறதுக்கு முக்கியக் காரணம் கால்சியமும் மெக்னீசியமும். நம்ம போர் தண்ணியில ரெண்டும் தாராளம். பாத்ரூம் குழாய், கீசர் காயில், இட்லிப் பானை அடி, எல்லாத்துலயும் பார்க்கிறதுதான்.

படிஞ்ச உப்பு சூட்டைக் கடத்தறது அலுமினியம் கடத்தறதுல நூத்துல ஒரு பங்குதான். ரேடியேட்டர் குழாய் ரொம்பக் குறுகல். உள்சுவத்துல மெல்லிசா ஒரு படலம் படிஞ்சாலே சூடு வெளியேறாது, ஓட்டமும் குறையும். சமதளத்துல தெரியாது. இன்ஜின் முழு பாரத்துல உழைக்கிற ஏத்தத்துல தெரிஞ்சிடும்.

நான் பட்டுக்கூடு வியாபாரம். விடியக்காலையில அங்காடிக்குக் கிளம்புற அவசரத்துல 'தண்ணி குறையுது, ஊத்துப்பா'ன்னா பசங்க தோட்டத்து போர்ல பிடிச்சு ஊத்திடுவாங்க. வருஷக்கணக்கா நடந்தது. பழைய ரேடியேட்டரைக் கழட்டி லேத்துல அறுத்துப் பார்த்தோம். பாதிக் குழாய்ல தீக்குச்சி போகல. உப்பு பழுப்பும் வெள்ளையுமா அடுக்கடுக்கா இருந்தது. நகத்தால கீறினா மாவா உதிர்ந்தது, அடி அடுக்கு மட்டும் அசையல.

ஊத்தறதுன்னா ரெடிமிக்ஸ் கூலன்ட், இல்லேன்னா கெட்டி கூலன்ட்டோட பேட்டரி தண்ணி. ஒகேனக்கல் குழாய்த் தண்ணி குடிக்கத்தான், ரேடியேட்டருக்கு அதுவும் வேண்டாம். வெறும் பேட்டரி தண்ணியும் தப்பு. துரு தடுக்கிற மருந்து அதுல இல்லை, அலுமினியத்தை அரிச்சிடும். வழியில மாட்டிக்கிட்டா எந்தத் தண்ணியையும் ஊத்தி வீடு சேருங்க. சேர்ந்ததும் வடிச்சிடுங்க.

ஏப்ரல் 13, இரவு 11.10

என் மச்சான் லாரிக்காரர், இதைப் படிச்சிட்டு போன் போட்டார். 'மாமா, இவ்வளவு எழுதுறதுக்கு தெர்மோஸ்டாட்டைப் புடுங்கிப் போடச் சொன்னா முடிஞ்சுது.'

இது நம்ம பட்டறைகள்ல ஊறிப்போன வைத்தியம். தெர்மோஸ்டாட்ங்கிறது இன்ஜின் சூடாகிற வரைக்கும் கூலன்ட்டை ரேடியேட்டர் பக்கம் விடாத வால்வு. 82 இல்லேன்னா 88 டிகிரியில திறக்கும், வண்டியைப் பொறுத்து. திறந்த பிறகு அது இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? ஏத்தத்துல முழுசா திறந்துதான் இருக்கும். சிக்கிக்கிட்டுத் திறக்கலேன்னா புதுசு மாத்தணும், எடுத்துப் போடறது வைத்தியம் இல்லை. சில இன்ஜின்ல தெர்மோஸ்டாட்டோட பின் தகடுதான் பைபாஸ் வழியை அடைக்கும். அதைப் பிடுங்கினா கூலன்ட்ல ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாம இன்ஜினுக்குத் திரும்பிடும். சூடு குறையணும்னு பிடுங்கினது சூட்டைக் கூட்டும். சமதளத்துல இன்ஜின் சரியா சூடாகாம டீசல் குடிக்கும், அது தனி.

மச்சான் கடைசியா சொன்னது: 'எங்க வண்டியில பிடுங்கியாச்சு, நல்லாத்தான் ஓடுது.' எப்பப் பிடுங்கினீங்கன்னு கேட்டேன். குளிர்காலமாம்.

ஏப்ரல் 17, மாலை 5.45

ஓசூர் நண்பர் காட்டமா எழுதியிருக்கார். ரேஸ் வண்டியில எல்லாம் அலுமினிய டேங்க் மாட்டுறாங்களே, அவங்க எல்லாம் முட்டாளான்னு.

நல்ல கேள்வி. முதல் நாள் நான் சொன்ன 'குறையாது'வை இங்க கொஞ்சம் பிரிச்சுச் சொல்லணும். அவங்க மாட்டுறது லிட்டருக்காக இல்லை, காத்தைப் பிரிக்க. கூலன்ட்டோட காத்துக் குமிழி சுத்தினா சிலிண்டர் ஹெட்டுக்குள்ள (இன்ஜினோட மேல்பாகம்) அங்கங்க தங்கும். குமிழி இருக்கிற இடத்துல உலோகத்துல இருந்து சூட்டை வாங்க ஆள் இல்லை, அந்த இடம் மட்டும் கொதிக்கும். சென்சார் காத்துல நின்னா குறைச்சுக் காட்டும், நமக்குத் தெரியவும் தெரியாது. அமைப்புலேயே உயரமான இடத்துல டேங்கை வெச்சு, ஹெட்டுல இருந்தும் ரேடியேட்டர் தலையில இருந்தும் மெல்லிய குழாய் கொண்டுவந்து விட்டா குமிழி அங்க வந்து ஒதுங்கும். அடியில இருந்து தடியான குழாய் பம்ப்போட உறிஞ்சு வாய்க்குப் போகும். இந்த ஏற்பாட்டுல டேங்க் நிஜமாவே உதவும்.

அதனால டேங்க் மாத்தறது வீண்னு ஒரேயடியா சொல்ல மாட்டேன். இன்ஜின் சீட்டுக்கு அடியில இருக்கிற வேன்ல ரேடியேட்டர் தலை இன்ஜினைவிடத் தாழ்வா இருக்கும், அங்க உயரத்துல ஒரு அழுத்த டேங்க் வெச்சா வித்தியாசம் தெரியும். பிளாஸ்டிக் டேங்க் மஞ்சளாகி தையல் ஓரம் மயிர் விரிசல் விட்டிருந்தாலும் மாத்தித்தான் ஆகணும். நம்ம வெயிலும் பானட் சூடும் சேர்ந்து பிளாஸ்டிக்கை அப்பளமாக்கிடும். ஆனா அதுக்குக் கம்பெனி டேங்கே போதும். வெள்ளைப் பிளாஸ்டிக்ல அளவு வெளியே இருந்தே தெரியும். அலுமினியத்துல தனியா கண்ணாடிக் குழாய் வெச்சாத்தான் தெரியும், கடையில பளபளன்னு தொங்குற பாதி டேங்க்ல அது கிடையாது. வெல்டிங் கசியுதான்னு அழுத்தம் கொடுத்துப் பார்த்துத்தான் விக்கிறாங்களான்னும் கேளுங்க. கேட்டா முகம் போற போக்குலேயே பதில் தெரிஞ்சிடும்.

மூடியை மட்டும் 0.9-ல இருந்து 1.4-க்கு மாத்துற குறுக்குவழியும் வேண்டாம். சூடு அப்படியேதான் இருக்கும், கொதிக்கிறது மட்டும் தள்ளிப்போகும். அந்த அழுத்தத்தைப் பழைய ஓஸும் ஹீட்டர் காயிலும் தாங்கணுமே.

ஏப்ரல் 20, இரவு 9.00

கிருஷ்ணகிரியில இருந்து ஓசூர் போனேன். குருபரப்பள்ளி தாண்டி மேலுமலை ஏத்தம் வரும்ல, அங்க ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனரை (இன்ஜின் சென்சார் காட்டுற அளவைப் போனுக்கு அனுப்புற கருவி) மாட்டிக் கூலன்ட் சூட்டைப் போன்ல பார்த்தேன். (ஓட்டினது பையன், நான் பக்கத்து சீட்.) மதிய வெயில், ஏசி, நாலு பேர். ஏத்தத்துக்கு முன்னாடி 91 டிகிரி. பாதி ஏத்தத்துல முன்னாடி ஒரு கன்டெய்னர் ஊர்ந்தது. அதுக்குப் பின்னாடி 102. ஏசியை நிறுத்தினதும் 98. அதைத் தாண்டிக் காத்து கிடைச்சதும் 94.

இவ்வளவு ஏறி இறங்கியும் டாஷ்போர்டு முள் நடுவை விட்டு அசையவே இல்லை. பல கார்ல முள்ளை அப்படித்தான் வெச்சிருக்காங்க, ஒரு எல்லை வரைக்கும் நடுவுலயே நிக்கும். இப்ப வர்ற பல வண்டியில முள்ளே கிடையாது. குளிர்ந்திருந்தா நீல விளக்கு, கொதிச்சா சிவப்பு. முள் நடுவைத் தாண்டிடுச்சுன்னா உள்ளே உண்மையிலேயே நிலைமை மோசம்னு அர்த்தம். ஊத்தங்கரைத் தம்பி, நீங்க சேலம் போறதை ஒத்திப் போடுங்க.

கட்டாயம் ஏறித்தான் ஆகணும்னா ஏசியை நிறுத்திட்டு ஹீட்டரை முழுசா திறந்து ப்ளோயரை வேகமா வையுங்க. டாஷ்போர்டுக்குள்ள இருக்கிற ஹீட்டர் காயிலும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். ஏப்ரல் மாசத்துல வீட்டுக்காரம்மா பக்கத்துல இருந்தா நடக்கிற காரியமான்னு கேக்காதீங்க. ஒரு கியர் குறைச்சு ஓட்டினா பம்ப்பும் வேகமா சுத்தும். பொங்கிடும் போலிருந்தா ஓரம் கட்டுங்க.

ஏப்ரல் 20, இரவு 9.25

மேலே விட்டது: எப்ப சூடாகுதுங்கிறதை வெச்சே பாதி கண்டுபிடிச்சிடலாம். சிக்னல்லயும் டோல்கேட் வரிசையிலயும் மட்டும் ஏறினா ஃபேன், இல்லேன்னா அதோட ரிலே. நூறுல ஓடும்போது ஏறினா ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், இல்லேன்னா அடி ஓஸ் உறிஞ்சலுக்குச் சப்பிப் போகுது. ஏத்தத்துல மட்டும்னா ரேடியேட்டர் தன் முழு சக்திக்கு வேலை செய்யல. காலையில ஆறின வண்டியில ஓஸ் கல்லு மாதிரி இருந்தா, ஸ்டார்ட் பண்ணினதும் ரேடியேட்டர் வாய்ல விடாம குமிழி வந்தா, ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில இருக்கிற சீல்) போயிருக்கு. அதுக்கு எந்த டேங்கும் உதவாது. நீல மருந்து வெச்சுப் பார்க்கச் சொல்லுங்க, எரிஞ்ச வாயு கலந்திருந்தா நிறம் மாறும்.

ஏப்ரல் 28, காலை 10.30

ஊத்தங்கரைத் தம்பி பட்டறைக்குப் போயிட்டு வந்துட்டார். மூடி, சின்ன ஓஸ், கூலன்ட் மூணும் புதுசு. ரேடியேட்டரைக் கழட்டிக் கழுவும்போது ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல செம்மண், பூச்சி, புளிய இலை எல்லாம் கம்பளி மாதிரி அப்பியிருந்ததாம். முன்பக்கம் இருந்து பார்த்தா சுத்தமா இருந்ததாம். இருக்கும், கண்டென்சர் மறைக்குமே! சர்வீஸ் ஸ்டேஷன்ல முன்னாடி நின்னு தண்ணி அடிச்சா அழுக்கு அந்த இடுக்குக்குள்ளதான் போகும். இன்ஜின் பக்கத்துல இருந்து வெளிப்பக்கமா, அழுத்தம் குறைச்சு அடிக்கணும். இல்லேன்னா துடுப்புத் தகடெல்லாம் மடங்கிடும்.

அலுமினிய டேங்குக்குக் கொடுத்த அட்வான்ஸ் திரும்பி வரலையாம். அதுக்கு என்கிட்ட மருந்து இல்லை தம்பி.

மே 3, மாலை 4.15

தொப்பூர் ஏறிப் பார்த்துட்டாராம். ஏசி இல்லாம முள் நடுவுல. ஏசியோட, கணவாய்ல கட்டமேடு பக்கம் லேசா மேலே. அந்த மிச்சம் ரேடியேட்டருக்குள்ள இருக்கிற உப்பாத்தான் இருக்கும். கெமிக்கல் ஊத்தி ஃப்ளஷ் பண்ணலாமான்னு கேக்கறார். 2012 வண்டி, போர் தண்ணி குடிச்ச ரேடியேட்டர். சில நேரம் உப்புதான் ஓட்டையை அடைச்சுக்கிட்டு நிக்கும், அதைக் கரைச்சா ஒழுக ஆரம்பிச்சிடும். ஃப்ளஷ் பண்ணறதா இருந்தா புது ரேடியேட்டருக்குக் காசை ஒதுக்கி வெச்சிட்டுப் பண்ணுங்க. நானா இருந்தா நேரா புதுசு போடுவேன்.

மே 4, காலை 6.50

பாலக்கோடு வாசகருக்கு: பச்சை கூலன்ட்ல சிவப்பைக் கலக்கலாமான்னா, நிறம் கம்பெனிக்காரங்க கலக்கிற சாயம், அதை வெச்சு எதையும் சொல்ல முடியாது. உள்ளே இருக்கிற மருந்து வகைதான் கணக்கு. ஒத்துவராத ரெண்டைச் சேர்த்தா துரு தடுக்கிற வேலை கெடும், சிலது திரிஞ்சு கூழாகிடும். வண்டியோட கையேட்டுல எந்த வகைன்னு போட்டிருக்கும், அதையே வாங்குங்க. பழசு என்னன்னே தெரியலேன்னா முழுசா வடிச்சிட்டு ஊத்துங்க. வடிச்சதை வாசல்ல கொட்டாதீங்க. இனிப்பா இருக்கும், நாய் நக்கும், கிட்னி போய்ச் செத்துடும். கேன்ல பிடிச்சு மூடிப் பட்டறையில கொடுத்துடுங்க.